சந்தனப் பொட்டு வைத்த பிளேட்டுகள்

சிரஞ்சீவி மகனுக்கு அப்பா எழுதுவது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று ஆரம்பிக்கத்தான் கை போகிறது. க்ஷேமமாக இல்லை, அதனால் அந்த வரியை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சியை விட்டுவிட்டு, மாமா உனக்காகப் பிடித்து வைத்திருக்கும் சப்ளை ஆபீஸ் உத்தியோகத்துக்கே மதுரைக்கு வந்துவிடுகிறேன் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. நீ வர வேண்டாம். ஏன் என்பதைச் சாவகாசமாகச் சொல்கிறேன். ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டு அவசரமாகப் படிக்காமல், அறைக்குப் போய் உட்கார்ந்து படி. கூட இருக்கிற பிள்ளைகள் கேட்டால் உரக்கவே படித்துக் காட்டு. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவர்கள் வீடுகளிலும் அம்மாமார் இருப்பார்கள்.

போன கடிதத்தில் நடந்ததை நான் நாலு வரியில் முடித்துவிட்டேன். அப்போது இருந்த கோபத்தில் அதற்கு மேல் பேனா ஓடவில்லை. இப்போது முழுசாகச் சொல்கிறேன். நீ கல்கத்தாவிலிருந்து அனுப்பிய போட்டோப் பிளேட்டுப் பெட்டியைக் கோடைமலைக்குக் கொண்டுபோய், அங்கே தோட்டவேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் வீட்டுப் பரணில் வைத்தவன் நான்தான். ஆகாயத்திலிருந்து வரும் துகள்களில் பல, தரைக்கு வருமுன் காற்றிலேயே அடங்கிப்போகின்றன, மலைமேல் என்றால் அதிகமாகக் கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பொறுத்திருந்தேன். யுத்தகாலத்து ரயிலில் மருந்தில் கழுவாத பிளேட்டைக் கல்கத்தா வரைக்கும் அனுப்பினால் வெயிலிலேயே கெட்டுவிடும், நீங்களே கழுவிவிடுங்கள் அப்பா, உங்கள் கைப்பக்குவம் இங்கே யாருக்கும் இல்லை என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை நம் போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்த வாடிக்கைக்காரர்களிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். சரசுவதி பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் பெட்டியை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கே கழுவியிருப்பேன். ஆனால் ஸ்டூடியோவில் மருந்துத் தட்டுகளையும் சிவப்பு விளக்கையும் காமிராவையும் துடைத்துப் பூசைக்கு எடுத்து வைத்தாகிவிட்டது. அப்படி எடுத்து வைத்த தொழில் சாமானை விஜயதசமிக்கு முன்னால் தொடுகிற வழக்கம் நமக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். ஸ்டூடியோவுக்குத் தகரக்கூரை, சூடு பிளேட்டுக்கு ஆகாது என்று பெட்டியைச் செல்லூர் வீட்டிலேயே அலமாரி மேல் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் நான் ஸ்டூடியோ பூசைக்குப் போய்விட்டேன். வீட்டுப் பூசைக்கு உன் அம்மா தனியாக அடுக்கினாள். உன் பள்ளிக்கூடப் புத்தகங்கள், காலேஜில் வாங்கிய பரிசு, நீ போட்டுவிட்டுப் போன பழைய மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மனைப்பலகையில் வைத்தாள். அப்புறம் அவளுக்கு மனசு கேட்கவில்லை. இதெல்லாம் அவன் படித்து முடித்த சங்கதி, இப்போது செய்கிற தொழில் அந்தப் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது, ஊரில் அரிவாளுக்கும் தராசுக்கும்கூடப் பொட்டு வைக்கிற நாளில் என் பிள்ளையின் தொழில் மட்டும் அலமாரி மேல் கிடப்பதா என்று நினைத்திருக்கிறாள். கயிற்றை அவிழ்த்து, கறுப்புக் காகிதத்தைப் பிரித்து, கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, தீபம் காட்டி, இருந்தது இருந்தபடியே மடித்துக் கட்டிவிட்டாள். திறக்காதே என்று பெட்டியின் மூன்று பக்கத்திலும் எழுதியிருந்தாய். மூன்று பக்கத்திலும் இங்கிலீஷில் எழுதியிருந்தாய்.

விஜயதசமி காலையில் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைப் பிரித்தேன். சந்தன வாசம் அடித்தது. இத்தனை வருஷமாக அந்த அறையில் மருந்து வாடையைத் தவிர வேறெதையும் நான் முகர்ந்ததில்லை. விரலால் தடவிப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் கழுவினேன். ஒன்றிலாவது ஏதாவது மிஞ்சியிருக்காதா என்ற நப்பாசைதான். ஒன்றுவிடாமல் எல்லாம் வெளிச்சம் பட்டுக் கரியாக வந்தன. பொட்டு இருந்த இடம் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. அப்படியே கல்பாலத்தின் வழியாக வீட்டுக்கு நடந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, பிள்ளையுடைய கண்ணாடி நன்றாக வந்ததா என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சாமிக்குத்தானங்க வச்சேன் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. நீ கூட்டெழுத்தாக ஓட்டி எழுதுவது அவளுக்கு ஓடாது. எப்போதும்போல நான்தான் படித்துக் காட்டினேன். உத்தியோகத்துக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே, அம்மா ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டது, சந்தோஷமாக இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். என் வாய் முந்திக்கொண்டது, அதையும் படித்துவிட்டேன். ஜப்பான்காரனிடம் ரங்கூன் விழுந்த நாளிலிருந்து அவள் உன்னை ஊருக்கு வரச் சொல்லிக்கொண்டிருப்பது உண்மை. கல்கத்தாவில் குண்டு விழும் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. மாமாவிடம் சொல்லி அந்த உத்தியோகத்துக்கு அடிபோட்டதும் அவள்தான். இவ்வளவும் தெரிந்தே நீ அந்த வரியை எழுதினாய். அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். உன் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம், பிளேட்டு கெட்டபோது அவள் மேல் வந்த கோபத்தைவிடப் பெரியது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வந்ததற்கு அப்புறம் அவள் அங்கே வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அரண்மனைத் தூணும் படிக்கட்டும் எழுதிய திரைச்சீலைக்கு முன்னால், படம் பிடித்துக்கொள்ள வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

"ஏங்க, அந்தக் கண்ணாடியில நான் என்னத்த அழிச்சேன்? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

நீ இத்தனை வருஷமாக எனக்கு எழுதியதையும், லீவில் வந்தபோது சொன்னதையும் வைத்துக்கொண்டு சொன்னேன். தப்பாக இருந்தால் திருத்தி எழுது. உலகத்தில் உள்ள எந்தச் சாமானையும் பிய்த்துக்கொண்டே போனால் அணுவில் வந்து நிற்கும், அணுவும் முடிவில்லை, அதற்குள்ளே நடுவில் கனமாக ஒரு கரு, வெளியே லேசான எலக்ட்ரான்கள் என்றேன். ஆகாயத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து இந்த மாதிரி துகள்கள் ராப்பகலாக வந்து நம் காற்றின் மேல் மோதுகின்றன, மோதிய இடத்தில் புதுசு புதுசாக வேறு துகள்கள் பிறந்து கீழே கொட்டுகின்றன, அதில் ஒன்று எலக்ட்ரானைவிட மிகக் கனம், கருவில் உள்ளதைவிட லேசு, நடுவாந்திரமாக இருப்பதால் மெசோட்ரான் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிறந்து கண் இமைப்பதற்குள் செத்தும் போகும், ஆனால் அதற்குள் இந்தத் தகரத்தையும் உன்னையும் என்னையும் துளைத்துக்கொண்டு தரைக்குள் போய்விடும் என்றேன். உள்ளங்கையை நீட்டு, இப்போதே போய்க்கொண்டிருக்கிறது என்றேன். நீட்டினாள். வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் தெரியவில்லையே என்றாள். யாருக்கும் தெரியாது, பிளேட்டுக்கு மட்டும்தான் தெரியும், அது போன வழியில் வரிசையாக வெள்ளிப்புள்ளி விழும், கழுவினால் கறுப்பாகத் தெரியும், புள்ளி நெருக்கமாக விழுந்திருக்கிறதா அகலமாக விழுந்திருக்கிறதா என்று அளந்துதான் அந்தத் துகளின் கனத்தை உன் மகன் கணக்குப் போடுகிறான் என்று சொன்னேன். வெளிச்சம் பட்டால் பிளேட்டு முழுவதும் கறுத்துவிடும், கறுப்பில் கறுப்புப் புள்ளியைத் தேட முடியாது என்றும் சொன்னேன். அது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதோடு எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. போன வருஷம் லீவில் வந்தபோது நீயும் நானும் ஐந்தாவது திசை என்று ஏதோ சாப்பாட்டைக்கூட மறந்து பேசிக்கொண்டிருந்தோமே, அது என்ன என்று கேட்டாள். அதற்கு நான் மேஜை டிராயரிலிருந்து ஒரு கெட்டுப்போன படத்தை எடுத்துக் காட்டினேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து, தெற்குக் கோபுரம் பின்னால் தெரிய வேண்டும் என்று அடம்பிடித்துப் பிடித்துக்கொண்ட படம். கோபுரம் சரியாக அவர் உச்சந்தலையிலிருந்து முளைத்தமாதிரி விழுந்துவிட்டது. அவருடைய அம்மா ஸ்டூடியோவுக்கே வந்து, என் மகன் தலையில் கோபுரத்தைத் தூக்கி வைத்துவிட்டாயே என்று சண்டை போட்டுவிட்டுப் போனார். அந்தக் கதையைக் கேட்டு உன் அம்மா அப்போது விழுந்து விழுந்து சிரித்தாள். இந்தக் காகிதத்துக்குள்ளேயே ஒருவன் குடியிருக்கிறான் என்று வைத்துக்கொள் என்றேன். அவனுக்கு மேல் கீழ் தெரியும், இடம் வலம் தெரியும், முன்னே பின்னே என்று ஒன்று இருப்பதே தெரியாது. அவனைக் கேட்டால் கோபுரம் இந்த மனுஷன் தலையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்று சத்தியம் செய்வான். நமக்கு அவர் நின்ற இடத்திலிருந்து கோபுரத்துக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும். ஒரு திசை குறைந்துபோனதால் சம்பந்தமில்லாத இரண்டு அவனுக்கு ஒட்டிக்கொண்டு தெரிகின்றன. அதேமாதிரி, ஒன்றாகவே இருப்பது நமக்கு இரண்டாகத் தெரியலாம் அல்லவா? நீளம், அகலம், உயரம், அதோடு காலம், இந்த நாலுதான் நமக்குத் தெரியும். ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், சாமானைக் கீழே விழவைக்கிற இழுப்பும், மின்சாரமும், வேறு வேறாகத் தெரிகிற இரண்டும் ஒரே சங்கதியாக வருகிறது என்று சீமையில் சில பெரிய மூளைகள் எழுதியிருப்பதாக நீ சொன்னாய். அதைத்தான் அவளுக்குச் சொன்னேன்.

அந்தத் திசை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பெட்டி கட்டுகிற சணல்கயிறு ஒன்றை எடுத்து ஆணியில் கட்டி நீட்டிப் பிடித்தேன். வாசலிலிருந்து பார்த்தால் இது வெறும் கோடு, முன்னும் பின்னும் போகலாம், அவ்வளவுதான். ஆனால் இதன் மேல் ஊருகிற எறும்புக்கு இன்னொரு வழி இருக்கிறது, கயிற்றைச் சுற்றிக்கொண்டும் அது போகலாம். அந்தச் சுற்று வழி அவ்வளவு சின்னதாகச் சுருண்டிருப்பதால் நம் கண்ணுக்குப் படவில்லை, அந்தத் திசை இருப்பதானால் இப்படி ஒவ்வோர் இடத்திலும் சுருண்டு கிடக்கலாம் என்றேன். அவள் கயிற்றைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்புட்டுச் சின்னதா இருந்தா, அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

இதையே நான் உன்னைக் கேட்டபோது நீ சொன்னதைச் சொன்னேன். யாரும் அதைப் பார்த்ததில்லை, பொய்யாகவும் இருக்கலாம், என் பிளேட்டில் அது தெரியப்போவதும் இல்லை, ஆனால் உலகம் எதனால் ஆனது என்று சரியாகத் தெரியாமல் அதைப் பற்றிப் பேசக்கூட முடியாது, அதனால் முதலில் என் துகளின் கனத்தைச் சரியாக அளக்கிறேன் என்று நீ சொன்னாய். உன் மகன் அளக்கப் பார்த்தது அவ்வளவுதான் என்று முடித்தேன். கனம் மட்டுந்தானா என்று கேட்டாள். கனம் மட்டும்தான் என்றேன். அதற்கா இவ்வளவு நாள் என்று கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. இதை அவன் என்னிடம் ஒரு நாளாவது சொன்னானா, எனக்கு விளங்காது என்று நீங்கள் இரண்டு பேருமே முடிவு கட்டிவிட்டீர்களா என்று கேட்டாள். கேள்வி உனக்கும் சேர்த்துத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கும் இருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வேண்டியதைக் கேள். இந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லை, சலித்துவிட்டது, அதனால் வருகிறேன் என்றால் அடுத்த ரயிலுக்கே வா. ஸ்டேஷனில் நான் நிற்பேன். ஆனால் நீ அதற்காக வரவில்லை. அம்மா மேல் இருக்கிற கோபத்தைக் காட்டத்தான் வருகிறாய். அப்படி வந்தால் நீ தினமும் ஆபீஸுக்குப் போய்த் திரும்புவதை அவள் வாசலில் நின்று பார்ப்பாள், பார்க்கிற நாளெல்லாம் அவளுக்குத் தண்டனைதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இண்டர்மீடியட் படிக்கும்போது ஒரு கல்யாணப் பிளேட்டில் மாப்பிள்ளையின் தோளுக்கு மேல் மெல்லிசாக ஒரு கோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, அது கீறல் இல்லை என்று என்னோடு மல்லுக்கு நின்றாய். கீறல்தான், பென்சிலை எடுத்துச் சரிசெய் என்று நான் அதட்டினேன். நீ பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். கல்யாண வீட்டுக்காரர்கள் படத்துக்கு வந்து காத்துக்கிடந்தார்கள். அப்படிப் பார்க்கிறவனைச் சர்க்கார் கோதுமை மூட்டைக்குச் சீட்டு எழுத உட்காரவைக்க எனக்குச் சம்மதமில்லை. பிளேட்டு கெட்டது நஷ்டம்தான். எங்கள் தொழிலில் பிளேட்டு கெடாத வருஷம் ஏது? கெட்டால் மறுபடியும் அந்த மனுஷரை நிற்கவைத்துப் பிடிக்க வேண்டியதுதான். உன் துகள்கள் இன்னும் விழுந்துகொண்டுதானே இருக்கின்றன?

குண்டு விஷயத்தை நான் மறந்துவிடவில்லை. எனக்கும் பயம் இருக்கிறது. சைரன் ஊதினால் முதலில் ஓடுகிறவன் நீயாக இரு. ஆய்வுக்கூடத்தையே வேறு ஊருக்கு மாற்றினால் கூடவே போ. பயந்து வீட்டுக்கு வந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். ரோஷத்தில் வருவதுதான் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா என்னை மாமா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். எதற்கு என்று வழியில் சொல்லவில்லை. அவர் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உட்காரும்வரைக்கும் காத்திருந்தாள்.

"அண்ணே, என் மகன் வரமாட்டான். அந்த வேலைய வேற யாருக்காச்சும் வாங்கிக் குடுத்துருங்க."

அவர் திகைத்துப்போனார். நீதானே அழுது அழுது கேட்டாய், அந்த ஆபீஸரின் வாசலில் நான் எத்தனை நாள் காத்துக்கிடந்தேன் தெரியுமா என்று சத்தம் போட்டார். மாப்ள, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா என்று என் பக்கம் திரும்பினார். குண்டு விழுகிற ஊரில் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு உன்னால் தூங்க முடியுமா என்று அவளைக் கேட்டார். தூக்கம் வராதுதான், அதற்கு அவன் என்ன செய்வான் என்றாள். மாமா கோபத்தில் எங்களைச் சாப்பிடக்கூடச் சொல்லவில்லை. அந்த உத்தியோகம் வேறொரு பையனுக்குப் போய்விட்டது. இப்போது நீ வந்தாலும் உனக்கு இங்கே வேலை இல்லை.

இன்னொரு காரியமும் நடந்திருக்கிறது. சாதாரணப் படம் பிடிக்கிற பிளேட்டில்கூடத் துகளின் தடம் விழும், கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான் என்று நீ ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். யுத்தத்தால் சீமைப் பிளேட்டு வருவது நின்றுவிட்டது. தை மாசக் கல்யாணங்களுக்கென்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்ததையெல்லாம் ஒன்றாகக் கட்டினேன். இந்தத் தையில் நம் ஸ்டூடியோ கல்யாணப் படம் எடுக்காது, கேட்டவர்களிடம் சொல்லிவிட்டேன். பெட்டியைக் கட்டி முடித்ததும், அதில் தமிழில் பெரிய எழுத்தாக எழுதச் சொன்னாள் உன் அம்மா. திறக்கக் கூடாது என்று எழுதினேன். போதாது என்றாள். சாமிக்கும் வைக்கக் கூடாது என்று கீழே எழுதவைத்தாள். பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடுகிற கரிவாயு பஸ் மலையேறுவதற்குள் எத்தனை இடத்தில் நின்றது என்று கணக்கில்லை. இறங்கித் தள்ளக்கூட வேண்டியிருந்தது. கண்டக்டர் பெட்டியை மேலே போடக் கேட்டபோது அவள் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். பரணில் அதை ஏற்றி வைத்ததும் அவள்தான். குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த பூசைக்கு முன்னால் நீயே வந்து இறக்கிக்கொண்டு போ. கழுவுவதற்கு நான் இருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதியது முழுவதையும் படித்துக் காட்டினேன். அம்மா ஆசைப்பட்டபடியே நடந்துவிட்டது என்று நீ எழுதிய வரிக்கு இதில் எங்கேயும் பதில் இல்லையே என்றாள். நீயே சொல் என்றேன். சொன்னாள். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன்.

"நான் ஆசப்பட்டது நெசந்தாய்யா. நீ வரணும்னு தெனமும்தான் ஆசப்பட்டேன், இப்பவும் ஆசப்படுறேன். ஆனா அதுக்காக நான் அதத் தெறக்கல."

இதற்கு நீ பதில் எழுதியாக வேண்டும். என் பெயருக்கு எழுதாதே. கவரின் மேல் அவள் பெயரை எழுது. கூட்டெழுத்தாக ஓட்டாமல், எழுத்தைப் பிரித்துப் பிரித்துப் பெரிசாக எழுது. அவளே படித்துக்கொள்வாள், நான் வெளியே போய் நிற்கிறேன்.